ராக்கெட் மேன் வென்றது. கிராஞ்சி ஏன் தோற்றது?

துபாயின் மெய்தான் திடலில் 2011 மார்ச் 26ஆம் தேதி இரவு நடந்த ‘கோல்டன் ஷாஹீன்’ விரைவோட்டத்தில் முதலாவதாக வந்தது சிங்கப்பூரில் பயிற்சி பெற்ற ஒரு குதிரை. அதன் பெயர் ராக்கெட் மேன். பந்தயத்தின் தூரம் 1,200 மீட்டர், மொத்தப் பரிசுத் தொகை 2 மில்லியன் அமெரிக்க டாலர். உலகின் வேகமான குதிரைகளைத் தேடிப் பிடித்து ஒரே வரிசையில் நிறுத்தும் அந்தப் பந்தயத்தில், ஒரு சின்னத் தீவிலிருந்து போன குதிரை வென்றது.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 5ஆம் தேதி, அந்தக் குதிரை வளர்ந்து ஓடிய கிராஞ்சித் திடலில் கடைசிப் பந்தயம் நடந்தது. அன்று ஓடியது நூறாவது சிங்கப்பூர் தங்கக் கிண்ணம். 1843ல் தொடங்கிய 181 ஆண்டு வரலாறு அத்துடன் முடிந்தது. ஏறத்தாழ 120 ஹெக்டர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் திரும்பவேண்டும். அங்கே வீடுகள் எழும்.

உலகப் பந்தயத்தை வென்ற குதிரையைத் தந்த ஒரு திடல், இவ்வளவு சீக்கிரம் எப்படிக் காலியானது? ஒரு வெற்றி வீரன் இருந்தால் விளையாட்டு தானாகத் தழைக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ராக்கெட் மேனின் கதை அந்த நம்பிக்கையைச் சற்று நிதானமாகப் பார்க்கச் சொல்கிறது.

பிறந்தது ஆஸ்திரேலியா, வளர்ந்தது கிராஞ்சி

பந்தயங்களில் ஓடும் குதிரைகள் ‘தரோபிரெட்’ என்ற தனி இனத்தைச் சேர்ந்தவை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று கீழைநாட்டு ஆண் குதிரைகளிலிருந்து இந்த இனத்தின் தந்தை வழி தொடங்குகிறது. உலகில் எங்கே ஒரு தரோபிரெட் பிறந்தாலும் அதன் வம்சாவளி ஏட்டில் பதிவாகும்.

சிங்கப்பூரில் பந்தயக் குதிரைகள் பிறப்பதில்லை. இனப்பெருக்கப் பண்ணை வைக்கும் அளவுக்கு இங்கே புல்வெளி ஏது? பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் இளங்குதிரைகளாக வாங்கிவரப்பட்டவையே கிராஞ்சியில் ஓடின. ‘சிங்கப்பூர்க் குதிரை’ என்றால் சிங்கப்பூரில் பயிற்சி பெற்ற குதிரை என்றுதான் பொருள்.

ராக்கெட் மேனும் அப்படித்தான். அது 2005ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அதன் உரிமையாளர் அல்ஃபிரெடோ கிராபியா. தென்னாப்பிரிக்கரான பேட்ரிக் ஷா அதைக் கிராஞ்சியில் பயிற்றுவித்தார். துபாயில் அதன்மீது ஏறி ஓட்டிய ஃபீலிக்ஸ் கோட்சியாவும் தென்னாப்பிரிக்கர். பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் கிராஞ்சியில் கூடி உருவாக்கிய வெற்றி அது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ராக்கெட் மேன் விதை நீக்கப்பட்ட குதிரை. முரட்டுக் குணத்தை அடக்கி, ஓட்டத்தில் கவனம் வைக்கச் செய்வதற்காகப் பல பந்தயக் குதிரைகளுக்கு இதைச் செய்வது வழக்கம். அதனால் ராக்கெட் மேனுக்குச் சந்ததி இல்லை. வேறு நாட்டு வெற்றிக் குதிரைகள் ஓய்வுக்குப் பின் பண்ணைக்குப் போய் வம்சத்தின் மூலம் பெயரைத் தொடரலாம். இதற்கு அந்த வழி கிடையாது. அதன் பெயர் தங்குவதென்றால் பந்தய ஏடுகளிலும், பார்த்தவர்களின் நினைவிலும் மட்டுமே தங்கும்.

நான்கு முறை கைநழுவிய முதலிடம்

மொத்தம் 27 பந்தயங்கள். அவற்றில் 20 வெற்றி, ஆறு இரண்டாம் இடம், ஒரு நான்காம் இடம். இதுதான் ராக்கெட் மேனின் கணக்கு. ஒரே ஒரு முறை தவிர, ஓடிய ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்த குதிரை அது. விரைவோட்டத்தில் இது எளிதல்ல. 1,200 மீட்டரை எழுபது விநாடி அளவில் கடக்கும் பந்தயத்தில், தொடக்கத்தில் அரை விநாடி தாமதித்தாலும் மீட்க நேரம் இருக்காது.

உள்ளூரில் அதற்கு ஈடு சொல்ல ஆளில்லை. ஆனால் வெளிநாட்டுக் குதிரைகள் வந்து நின்றபோதெல்லாம் கதை வேறாக இருந்தது. 2009ல் கிராஞ்சியில் நடந்த கிரிஸ்ஃபிளையர் அனைத்துலக விரைவோட்டத்தில் ஹாங்காங்கின் சேக்ரட் கிங்டம் முந்தியது. 2010 மார்ச்சில் துபாயில் அமெரிக்காவின் கின்சேல் கிங் வென்றது. அதே ஆண்டு மே மாதம் மீண்டும் கிராஞ்சியில், ஹாங்காங்கின் கிரீன் பர்டி வென்றது. டிசம்பரில் ஹாங்காங்கில் தென்னாப்பிரிக்காவின் ஜேஜே தி ஜெட் பிளேன் வென்றது. நான்கு பெரிய மேடைகள், நான்கிலும் இரண்டாம் இடம்.

‘உள்ளூரில்தான் புலி’ என்ற பேச்சு எழக்கூடிய கட்டம் அது. அந்த நிலையில்தான் 2011 மார்ச்சில் மறுபடி துபாய் போனது ராக்கெட் மேன். ஓராண்டுக்கு முன் தோற்ற அதே பந்தயத்தில் இம்முறை வென்று திரும்பியது. இரண்டு மாதம் கழித்து, இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்துக் கைநழுவிய கிரிஸ்ஃபிளையர் பந்தயத்தையும் சொந்தத் திடலிலேயே வென்றது. அதே ஆண்டு ஜப்பானின் ஸ்பிரின்டர்ஸ் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் வந்த நான்காம் இடம்தான் அதன் வாழ்நாளில் முதல் இரண்டு இடங்களை விட்டு வெளியே போன ஒரே ஓட்டம்.

கிராஞ்சியின் பொற்காலம் எது என்று கேட்டால் ரசிகர்கள் பலர் 2011ஐத்தான் சொல்வார்கள். திடலின் கணக்குப் புத்தகமோ வேறொன்றைச் சொல்கிறது.

உச்சியில் நின்றபோதே தொடங்கிய சரிவு

ராக்கெட் மேன் உலக அரங்கில் பெயர் எடுத்துக்கொண்டிருந்த 2010ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரின் இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்களும் சூதாட்டக்கூடங்களுடன் திறக்கப்பட்டன. பிப்ரவரியில் ரிசார்ட்ஸ் வோர்ல்டு செந்தோசா, ஏப்ரலில் மரினா பே சேண்ட்ஸ். அதுவரை பணம் வைத்து விளையாட விரும்பியவர்களுக்குச் சட்டப்படி இருந்த சில வழிகளில் குதிரைப் பந்தயமும் ஒன்று. 2010க்குப் பிறகு இருபத்து நான்கு மணி நேரமும், குளிர்சாதன அறையில், மழைக்கும் வெயிலுக்கும் கவலைப்படாமல் விளையாட வேறு இடம் கிடைத்தது.

2010ல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரியாக 11,000 பேர் கிராஞ்சிக்கு வந்தார்கள். 2019ல் அது 6,000 ஆனது. கொவிட்-19 கட்டுப்பாடுகளுக்குப் பிறகு திடல் மறுபடி திறந்தபோது வந்தவர்கள் சுமார் 2,600 பேர். அந்தப் பார்வையாளர் மாடம் 30,000 பேருக்காகக் கட்டப்பட்டது. பத்து இருக்கையில் ஒன்றுகூட நிரம்பவில்லை.

இடையில் இன்னொரு அடியும் விழுந்தது. விமான நிறுவனத்தின் ஆதரவு முடிந்ததும், 2015ஆம் ஆண்டுடன் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அனைத்துலகக் கிண்ணமும் கிரிஸ்ஃபிளையர் விரைவோட்டமும் நின்றுபோயின. ஹாங்காங்கும் ஆஸ்திரேலியாவும் தங்கள் சிறந்த குதிரைகளைக் கிராஞ்சிக்கு அனுப்பக் காரணமாக இருந்தவை அவை. அவை போனபின், அடுத்த ராக்கெட் மேன் வந்திருந்தாலும் சொந்த ஊரில் தன்னை உரசிப் பார்க்க அதற்கு மேடை இருந்திருக்காது.

கைப்பேசி வந்தபின் பந்தயம் கட்டத் திடலுக்குப் போகவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கிராஞ்சி மூடியபின்னும் வெளிநாட்டுப் பந்தயங்களில் சிங்கப்பூர் பூல்ஸ் வழியாகப் பணம் கட்ட முடிகிறது. ஆக, பந்தயப்பிடிப்பு போகவில்லை. கண்ணெதிரே ஓடிய குதிரைதான் போயிற்று.

2023 ஜூன் 5ஆம் தேதி மூடல் அறிவிப்பு வந்தபோது பலர் அதிர்ந்தார்கள். எண்களைப் பார்த்துவந்தவர்களுக்கு அது எதிர்பாராத செய்தியாக இருந்திருக்காது.

அக்கம்பக்கத்து நிலவரம்

இது சிங்கப்பூரில் மட்டும் நடந்ததல்ல. மக்காவில் குதிரைப் பந்தயம் 2024 மார்ச் மாத இறுதியுடன் நின்றது. 1864ல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப் 2025ல் பந்தயங்களை முடித்துக்கொண்டது. இரண்டு ஆண்டுக்குள் இந்த வட்டாரத்தில் மூன்று பழைய திடல்கள் மௌனமாயின.

ஆனால் ஹாங்காங்கில் பந்தயம் இன்னும் கொடிகட்டிப் பறக்கிறது. அங்கே சூதாட்டக்கூடம் கிடையாது. சட்டப்படியான பந்தயப்பிடிப்பை நடத்தும் உரிமை ஒரே அமைப்பின் கையில் இருக்கிறது. வரும் பணத்தில் பெரும்பகுதி வரியாகவும் அறப்பணியாகவும் போகிறது. மீதி குதிரைகளின் தரத்துக்கும் திடலுக்கும் திரும்புகிறது. சூதாட்டக்கூடங்களால் உலகப் புகழ்பெற்ற மக்காவிலோ குதிரை நிலைக்கவில்லை.

ஒரே ஒரு காரணத்தில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது. என்றாலும் இந்த மூன்று ஊர்களையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. குதிரைப் பந்தயம் விளையாட்டாகத் தன் காலில் நிற்கவில்லை, பந்தயப் பணத்தின் தோளில் நின்றது. அந்தப் பணத்துக்கு வேறு வீடு கிடைத்ததும் குதிரைக்கு வீடு போயிற்று. ராக்கெட் மேன் எத்தனை கிண்ணம் வென்றிருந்தாலும் இந்தக் கணக்கை மாற்றியிருக்க முடியாது.

நகரத்தின் சேமிப்பு நிலம்

நிலப் பற்றாக்குறை உள்ள ஊரில் குதிரைகளுக்கு 120 ஹெக்டர் வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. வீவக வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதியிடம், ஒரு நாளைக்கு 2,600 பேர் வரும் திடலைக் காப்பாற்றச் சொல்லி வாதாடுவது கடினம்.

பந்தயத் திடல்கள் நகரத்துக்கு இடம் விடுவது இதுவே முதல் முறையும் அல்ல. ‘லிட்டில் இந்தியா’வில் நடப்பவர்கள் தினமும் ‘ரேஸ் கோர்ஸ் சாலை’யைக் கடக்கிறார்கள். வாழையிலை உணவகங்களும் கோயில்களும் கொண்ட அந்தச் சாலைக்கு அப்பெயர் வந்தது பக்கத்தில் ஃபேரர் பார்க்கில் இருந்த முதல் பந்தயத் திடலால். 1911ல் சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்ததும் அங்கேதான். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் நம்மவர்கள் மாட்டுத் தொழில் செய்துகொண்டிருந்த காலத்தில், அருகில் கம்போங் கப்போரில் குடியிருந்த பாவியன் மக்கள் பலர் அந்தத் திடலின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

1933ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது. ஃபேரர் பார்க் விளையாட்டுத் திடலானது. அங்கும் வீடுகள் கட்டும் திட்டம் 2021ல் அறிவிக்கப்பட்டது. 1999ல் புக்கிட் தீமாவிலிருந்து கிராஞ்சிக்கு மாறினார்கள். பழைய புக்கிட் தீமா திடலில் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரவிருக்கின்றன. இப்போது கிராஞ்சியின் முறை. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் நிற்கும் இடமும் ஒருகாலத்தில் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் திடல்தான்.

காலனித்துவக் காலத்தில் குதிரைகளுக்காக ஒதுக்கிய நிலம், பிற்காலத் தலைமுறைக்குச் சேமிப்பாக அமைந்துவிட்டது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முந்தைய இரண்டு முறையும் குதிரைகளுக்கு வேறோர் இடம் தயாராக இருந்தது. இந்த முறை இல்லை.

வீட்டுக்குள் ‘குதிரை’ என்ற சொல்

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ‘குதிரை’ என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. ‘அவர் குதிரைக்குப் போகிறவர்’ என்றால் அது விலங்கைப் பற்றிய பேச்சு அல்ல. சம்பள நாளுக்கு மறுநாள் வெறுங்கையோடு வீடு திரும்பிய தகப்பனைப் பற்றியது, அடகுக்கடைக்குப் போன தாலிக்கொடியைப் பற்றியது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கிராஞ்சி மூடியது துக்கச் செய்தியாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. அவர்களுடைய உணர்வுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு.

ஆனால் அந்தக் கடனுக்குக் குதிரை பொறுப்பல்ல. ராக்கெட் மேனுக்குத் தன்மீது எவ்வளவு பணம் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியாது. அதன் ஓட்டத்தைப் பாராட்டுவதும், அந்த ஓட்டத்தைச் சுற்றி நடந்த சூதில் நொந்துபோனவர்களை மறக்காமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. நேர்மையான வரலாறு இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும்.

ஓட்டம் நின்ற பிறகு

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஓட்டம் நின்ற பந்தயக் குதிரைக்கு அந்தக் கணக்கு செல்லாது. தரோபிரெட் குதிரை ஒன்று இருபத்தைந்து வயதுக்கு மேலும் வாழக்கூடியது. அது பந்தயத்தில் ஓடுவதோ பெரும்பாலும் சில ஆண்டுகள்தான். மீதமுள்ள பதினைந்து, இருபது ஆண்டுகள் அது தின்னும், நோய்வாய்ப்படும், லாடம் மாற்றவேண்டியிருக்கும். வருமானம் மட்டும் இருக்காது. விதை நீக்கிய குதிரை என்றால் இனப்பெருக்கத்தாலும் பணம் வராது.

மூடல் அறிவிப்பு வந்த நேரத்தில் கிராஞ்சியில் ஏறத்தாழ 700 குதிரைகள் இருந்தன. அவற்றைப் பராமரிக்கவும் வெளிநாடுகளுக்கு அனுப்பவும் உரிமையாளர்களுக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கும் உதவுவதாகக் கழகம் அறிவித்தது. பதினாறு மாத அவகாசமும் கொடுக்கப்பட்டது. திடீரென்று கதவைச் சாத்தாமல் படிப்படியாக மூடியது நல்ல முறை. ஆனால் பெயர்பெற்ற குதிரைக்கு வாங்க ஆள் வருவார்கள்; கடைசியாக வந்து பழகிய குதிரையை யார் கேட்பார்கள்? விமானம் ஏறிப் போன குதிரைகள் போன இடத்தில் எத்தனை காலம் பராமரிக்கப்பட்டன என்பது, மூடலின் தரத்தை அளக்கும் உண்மையான அளவுகோல். எந்தக் குதிரை எங்கே போயிற்று என்ற விவரம் பொதுவில் இருந்தால், அடுத்து மூடவிருக்கும் திடல்களுக்கும் அது முன்மாதிரியாக அமையும்.

மனிதர்கள் விஷயமும் அதே போன்றதுதான். கழகத்தில் சுமார் 350 ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களைத் தவிரப் பயிற்றுவிப்பாளர்களின் லாயங்களில் உழைத்தவர்களும் உண்டு. மலேசியரும் இந்தியரும் அவர்களில் இருந்தார்கள். ‘சைஸ்’ என்று அழைக்கப்படும் குதிரைப் பராமரிப்பாளரின் நாள் விடியுமுன் தொடங்கும். தீவனத் தொட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். மிச்சம் இருந்தால் குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். பிறகு நான்கு கால்களையும் கையால் தடவிப் பார்ப்பார். எங்காவது லேசான சூடு தெரிந்தால் அன்று ஓட்டப் பயிற்சி கிடையாது. ஐந்நூறு கிலோ உடல், மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம், அதைத் தாங்குவதோ குச்சிபோன்ற கால்கள். அந்தச் சூட்டை ஒரு நாள் முன்னதாகக் கண்டுபிடிக்கும் விரலில்தான் வெற்றிக் குதிரையின் ஆயுள் இருக்கிறது.

அந்தத் திறன் சான்றிதழில் வராது, ஏட்டிலும் இருக்காது. ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்வது. கற்றுக்கொடுக்க ஆளும், கற்றுக்கொள்ளக் குதிரையும் இல்லாத ஊரில் ஒரே தலைமுறையில் அது மறைந்துவிடும். வேலையிழந்தவருக்கு இழப்பீடு கொடுக்கலாம், வேறு தொழிலும் சொல்லித் தரலாம். இழந்த கைப்பழக்கத்தை மீட்க வழியில்லை.

எதை மிச்சம் வைப்பது?

கிராஞ்சியைத் திரும்பத் திறக்கவேண்டும் என்று யாரும் தீவிரமாகக் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது. எஞ்சியிருப்பது ஒரே கேள்விதான். அந்தப் புதிய நகரில் குடியேறும் பிள்ளைகளுக்கு, தங்கள் வீட்டின் கீழே ஒருகாலத்தில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்?

புக்கிட் தீமாவில் பழைய பார்வையாளர் மாடங்களைத் தக்கவைப்பது பற்றித் திட்டமிடுவோர் பேசியிருக்கிறார்கள். கிராஞ்சியிலும் அதுபோன்ற சிந்தனை வேண்டும். தெருக்களுக்குப் பெயர் சூட்டும்போது திடலில் ஓடிய குதிரைகளின் பெயர்களைப் பரிசீலிக்கலாம். லாயத் தொழிலாளர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களின் அனுபவங்களை, தமிழ் உட்பட அவர்கள் பேசும் மொழியிலேயே, வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்யலாம். இதற்கெல்லாம் 120 ஹெக்டர் தேவையில்லை. 2027 மார்ச் வருவதற்குள் தொடங்கிவிட்டால் போதும்.

ரேஸ் கோர்ஸ் சாலையில் இன்று குதிரை இல்லை. ஆனால் பெயர் இருப்பதால், ‘இங்கே ஏன் இந்தப் பெயர்?’ என்று ஒரு குழந்தையாவது கேட்கிறது. ராக்கெட் மேனுக்குச் சந்ததி இல்லை, திடலும் போய்விட்டது. கிராஞ்சியில் எழவிருக்கும் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சாலைக்காவது அதன் பெயர் கிடைத்தால், கேட்க ஒரு கேள்வியாவது மிஞ்சும்.